பங்காளிகளுக்குக் கடைசிப் பந்தி

சாம்பார் வாளியும் கையுமாக நான் பந்தலுக்குள் நுழைந்தபோது ராஜையன் அண்ணன் வெளியே பலா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ராஜையன் அண்ணன் எங்கள் சபையின் செக்ரட்டரி. கஞ்சி போட்ட வேட்டி, தோளில் நேரியது என்கிற பாலராமபுரம் துண்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. வருஷா வருஷம் அசனத்தில் முதல் பந்தியின் முதல் இலை அவருக்குத்தான். அன்றைக்கு அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் செங்கல் சூளையில் மண் குழைக்கும் அந்த்ரியாஸ்.

மைக்கில் சின்னப் போதகரின் குரல் கேட்டது. "பங்காளிகள் தயவுசெய்து பொறுத்திருக்க வேண்டும். பங்காளிகளுக்குக் கடைசிப் பந்தி. முதலில் விருந்தினர்கள் சாப்பிடட்டும்."

ராஜையன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

அசனம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சபையார் வீட்டுக்கு வீடு பங்கு போட்டு, சர்ச் வளாகத்திலேயே சமைத்து, ஊரைக் கூட்டி உட்காரவைத்துப் போடும் சாப்பாடு அது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எங்கள் பக்கத்துச் சபைகள் எல்லாவற்றிலும் உண்டு. ஜாதி மத பேதமில்லாத விருந்து என்று நோட்டீஸில் அச்சடிப்போம். யார் எந்தப் பந்தியில் உட்கார வேண்டும் என்பதை மட்டும் அச்சடிக்க மாட்டோம். அது எல்லாருக்கும் தெரியும்.

போன வாரம் இதே பத்தியில் நான் பூவார் பஸ்ஸையும் மீன் கூடையையும் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், "கண்டக்டர் அம்மா, உங்களுக்குத் தேவ பயமே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். உண்டு ஐயா. கமிட்டி பயம்தான் கிடையாது. இந்த வாரம் அவர் படிக்காமல் இருப்பது அவருடைய ரத்த அழுத்தத்துக்கு நல்லது.

ஒரே எழுத்து, மூன்று ஆள்

எங்கள் ஊரில் வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த எல்லாருக்கும் ஒரே பெயர்தான். அஸ்ஸாமோ, ஒடிசாவோ, பீகாரோ, பையோடு ரயிலை விட்டு இறங்கினால் அவன் பெங்காலி. மலையாளத்தில் 'பங்காளி' என்போம், முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்தி. கல்கத்தாவை ஒருநாளும் பார்க்காதவனும் இங்கே வந்தால் பங்காளி ஆகிவிடுவான்.

தமிழில் அந்த அழுத்தத்துக்குத் தனி எழுத்து கிடையாதே! எழுதினால் அப்பா வழிச் சொந்தக்காரனும் பங்காளி, அசனத்துக்குப் பங்கு கொடுத்தவனும் பங்காளி, ஜார்க்கண்டுக்காரன் அந்த்ரியாஸும் பங்காளி. பேசும்போது எங்களுக்குக் குழப்பமே வராது. ராஜையன் அண்ணன் எழுதத் தொடங்கியபோதுதான் வந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் மலையாளத்தில் எழுதியவர் அவர். தமிழைச் சபைக்காக மட்டும் கையில் எடுப்பார்.

பஸ்ஸில் நான் டிக்கெட் கிழித்த காலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஒரு பங்காளி உட்கார்ந்தால் போதும், மீதி இடம் களியக்காவிளை வரைக்கும் காலியாகவே போகும். பக்கத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்கள், உட்கார மாட்டார்கள். "சேட்டா, சீட்டு காலியாக்கும், உக்காரும்" என்றால், "இல்ல மோளே, அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்" என்று சொல்லிவிட்டுக் கடைசி ஸ்டாப் வரை வருவார்கள். அதில் பாதிப் பேரை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்ப்பேன்.

டெர்மினஸ்

திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கைமாற்றும் வழக்கம் ஒன்று உண்டு. போதகர் தம் இரு கைகளால் முன் வரிசைக்காரரின் கைகளைப் பற்றிச் சமாதானம் சொல்வார். அவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அப்படியே கைக்குக் கை, பெஞ்சுக்குப் பெஞ்சு, பின்னால் போக வேண்டும்.

அந்த்ரியாஸும் அவன் மனைவி எலிசபாவும் எங்கள் சர்ச்சுக்கு வரத் தொடங்கியபோது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மடியில் பெண் குழந்தை. சமாதானம் ஒவ்வொரு பெஞ்சாக வந்தது. கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் வண்டி நின்றுவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த ராஜையன் அண்ணனின் மைத்துனன் வில்சன் கைகளைக் கட்டிக்கொண்டு சிலுவையைப் பார்த்தான். அவ்வளவு பக்தி அவனுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பின்னால் இரண்டு பேர் கைகளை நீட்டியபடி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மடக்கிக்கொண்டார்கள்.

எங்கள் சபையில் சமாதானக் கமிட்டி என்று ஒன்று தனியாகவே இருக்கிறது. அதன் தலைவரும் கன்வீனரும் ஒரு வாழைத்தோட்டத்து எல்லைத் தகராறில் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. கூட்டத்துக்கு இரண்டு பேரும் வருவார்கள். ஒருவர் சொல்வதை மற்றவருக்குப் பெரிய போதகர் திருப்பிச் சொல்வார்.

இந்தச் சபையை உண்டாக்கிய எங்கள் பழைய ஆட்கள் பெரிய வழியில் நடக்க அனுமதி இல்லாதவர்கள். சந்தைக்குள் கால் வைத்தால் அடி. எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று வெள்ளைக்காரப் பாதிரி சொன்னதும் ஓடி வந்து சேர்ந்தார்கள். சேர்ந்து மூச்சு வாங்கியதும், ஒரே தகப்பனின் பிள்ளைகளில் யார் மூத்தவன் என்ற வழக்கு தொடங்கிவிட்டது. ஜாதி என்ற சொல்லை எங்கள் சபையில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள், அது பாவம். 'குடும்பம்' என்பார்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு இந்தக் குடும்பங்களுக்கு ஒன்று, அந்தக் குடும்பங்களுக்கு ஒன்று என்று இரண்டு வாசல். கடைசி எக்காளம் ஊதும் நாளில் எழுந்து வருகிறவர்கள் வாசல் மாறி வந்துவிட்டால் அங்கேயும் ஒரு கமிட்டி போட வேண்டியிருக்கும்.

"ஆளப் பாத்தா என்னவாம்?"

ஒரு சாயங்காலம் அந்த்ரியாஸும் எலிசபாவும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"சேச்சி, குட்டிக்கு ஸ்நானம் வேணம்" என்றான் அவன்.

அவர்கள் தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவர்கள். சொந்த ஊருக்குப் போய்வர ஒப்பந்தக்காரன் விடுவதில்லை. எடவப்பாதி என்கிற ஜூன் மழை இறங்கினால் சூளை நின்றுவிடும். அசனத்துக்கு அடுத்த நாள் அவர்களை லாரியில் ஏற்றி வேறு எங்கேயோ கொண்டுபோகப் போகிறார்கள். எங்கே என்று அவர்களுக்கே தெரியாது.

எலிசபா தன் மொழியில் மெதுவாகச் சொல்ல, அந்த்ரியாஸ் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் எனக்குச் சொன்னான். மூத்தது ஒன்று இருந்தது. வேறொரு ஊர்ச் சூளையில் காய்ச்சல் வந்து இறந்துபோனது. பக்கத்துச் சர்ச்சில் கேட்டதற்கு, ஞானஸ்நானம் ஆகவில்லை, எங்கள் சபையும் இல்லை, இடம் தர முடியாது என்றார்களாம். ரயில் பாதை ஓரத்தில் குழி வெட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊருக்குத் திரும்பிப் போனதில்லை. இந்தக் குழந்தையையாவது ஒரு சபை தன்னுடையது என்று சொல்ல வேண்டும், எலிசபாவுக்கு அவ்வளவுதான்.

நான் அழுதேன். என் வீட்டுக்காரர் சசி கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து, அவரும் நின்று மூக்கை உறிஞ்சினார்.

கமிட்டியில் விஷயத்தை எடுத்தேன். ராஜையன் அண்ணன் பேனாவைத் திறந்தார்.

"ஞானத்தகப்பன் ஆரு? நம்ம சபையில முழு அங்கத்தினரா உள்ள ஒரு ஆணு நிக்கணும். அது சட்டமாக்கும்."

"ஞானத்தாயா நான் நிக்கேன்" என்றேன்.

"நீ நிப்ப ரெஜினா. நீ எதுக்குத்தான் நிக்கல்ல? நான் கேட்டது ஆண."

என் வீட்டுக்காரரைச் சொல்ல முடியாது. சசி இந்து. வருஷா வருஷம் அசனத்துக்குப் பப்படம் பொரிப்பது அவர்தான். பப்படத்துக்கு ஞானஸ்நானம் தேவையில்லை, ஞானத்தகப்பனுக்குத் தேவை.

"வில்சா, நீ நில்லேன்" என்றேன்.

"எனக்கு வேற சோலி இல்லியா? அவனுவ ஆரு, எங்க உள்ளவனுவன்னு ஆருக்குத் தெரியும்? பின்னே, ஆளப் பாத்தாலே..."

"ஆளப் பாத்தா என்னவாம்? உன்னப் பாத்தா மட்டும் இயேசுவுக்க சித்தப்பா மவன் மாதிரியாக்கும் இருக்கு?"

வில்சன் எங்கள் சபையிலேயே நல்ல கறுப்பு. நானும் அவனுக்குச் சளைத்தவள் இல்லை. கண்ணாடி பார்க்கிற எவனும் அந்த மேசையில் அப்படிப் பேசியிருக்க முடியாது.

மூத்த குழந்தையின் கதையைச் சொன்னேன். ராஜையன் அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம், "ஆளு கெடச்சா அசனத்து அன்னு சாயங்கால ஆராதனையில போதகர் குடுக்கட்டு. கெடைக்கலைன்னா நாம என்ன செய்ய?" என்று முடித்தார். கூடவே இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. சூளைக்காரர்கள் அசனத்துக்கு வந்தால் வரட்டும், கடைசிப் பந்தி. அதைப் போதகர் வாசிப்பதற்காக ராஜையன் அண்ணன் தம் கையாலேயே தமிழில் எழுதினார். நான் எதிர்த்துக் கையைத் தூக்கினேன். ஒற்றைக் கை.

பத்து நிமிஷப் புகழ்ச்சி

சின்னப் போதகர் எங்கள் கமிட்டிக்கு ஒருநாளும் வந்ததில்லை. தமிழ் ஆராதனைக்கென்று திருநெல்வேலிப் பக்கமிருந்து புதிதாக வந்தவர், மலையாளம் 'சுகமாணோ'வுக்கு மேல் தெரியாது. அசனத்தன்று காலை ஆராதனையில் அறிவிப்பை வாசித்தார். "இன்றைய அசனத்தில் பங்காளிகளுக்குக் கடைசிப் பந்தி மாத்திரம்."

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. அவர் ஊரில் பங்காளி என்றால் அசனத்துக்குப் பங்கு கொடுத்த வீட்டுக்காரர்கள்.

"என்ன ஒரு தாழ்மை!" என்றார். "பங்கு கொடுத்தவர்கள் பசியோடு காத்திருந்து, ஏழைகளுக்கு முதலில் பரிமாறப் போகிறார்கள். இப்படி ஒரு செக்ரட்டரியை நான் பார்த்ததில்லை. அண்ணன் எழுந்து நிற்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும்."

ராஜையன் அண்ணன் எழுந்து நின்றார். வேறு என்ன செய்வார்? தப்பு என்று சொல்ல வேண்டுமானால், 'நான் எழுதியது எங்களை இல்லை, அந்தக் கடைசி பெஞ்சுக்காரர்களை' என்று சபைக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போதகர் தாழ்மையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். எனக்கு முன்னால் இருந்த பெண்களின் தோள்கள் எல்லாம் குலுங்கிக்கொண்டிருந்தன.

போதகருக்கு உண்மையிலேயே அர்த்தம் தெரியாதா என்று எனக்கு இன்றும் சந்தேகம். பிற்பாடு ஒருநாள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் நேராகவே கேட்டேன். "ரசம் கொஞ்சம் ஊத்துங்கக்கா" என்றார்.

ஒரு இலை கிழிந்தது

இப்படித்தான் ராஜையன் அண்ணன் பலா மரத்தடிக்கு வந்து சேர்ந்தார். சூளைக்காரர்கள் உள்ளே வரவே பயந்தார்கள். போதகர் ஒவ்வொருத்தரையும் கையைப் பிடித்து உட்காரவைத்தார். எலிசபா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த்ரியாஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

வில்சனுக்குப் பசி தாங்கவில்லை. பந்தலுக்குள் விறுவிறுவென்று வந்தவன் அந்த்ரியாஸின் இலையைப் பிடித்து இழுத்தான். "எழும்புலே! இது எங்க அத்தானுக்க எடமாக்கும்!"

இலை இரண்டாகக் கிழிந்தது. சோறு எலிசபாவின் சேலையில் சிதறியது. குழந்தை அலறியது. அந்த்ரியாஸ் எழுந்து கையைக் கூப்பிக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் இருந்த இளவட்டங்கள் கும்பிடவில்லை, கையை முறுக்கினார்கள். எங்கள் பையன்கள் மடக்கு நாற்காலிகளைத் தூக்கினார்கள். சமாதானக் கமிட்டித் தலைவர் அந்த நேரம் பார்த்துக் கை கழுவப் போயிருந்தார்.

பஸ்ஸில் நான் விலக்கிவிட்ட சண்டைகளுக்குக் கணக்கு கிடையாது. வாளியைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

"ஆராவது அனங்கினா இது அவனுக்க தலையிலயாக்கும். நல்ல சூடு உண்டு, சொல்லியாச்சு!"

ஜெபத்துக்குக்கூட எங்கள் சபை அவ்வளவு சீக்கிரம் அடங்கியதில்லை.

போதகர் மைக்கைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். வில்சனிடம் பேசவில்லை. நேராகப் பலா மரத்தடிக்குப் போனார்.

"அண்ணன், பங்காளி என்று நீங்கள் எழுதியது யாரை? நீங்களே சொல்லிவிடுங்கள்."

ராஜையன் அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. மனைவி பார்க்கிறாள், பேரப்பிள்ளைகள் பார்க்கிறார்கள், ரோட்டோரத்தில் கோயில் கமிட்டிக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

"எங்களத்தான்" என்றார்.

"அத்தான், நீங்கதானே கமிட்டியில..." என்று வில்சன் தொடங்கினான்.

"வாய மூடுலே!"

நான் வாளியை இறக்கினேன். இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் எனக்கு வேறு கிடைக்காது. "அண்ணன் பங்காளியானா பிள்ளைக்கும் பங்காளிதான். சாயங்காலம் ஞானத்தகப்பனா நிப்பீரா?"

"அத பொறவு பாப்போம்..."

"ஸ்தோத்திரம்!" என்றார் போதகர் மைக்கில். "செக்ரட்டரி அண்ணன் சம்மதித்துவிட்டார்!"

கூம்பு ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது. கடைசிப் பந்தியில் ராஜையன் அண்ணன் உட்கார்ந்தபோது பாயசமும் பப்படமும் தீர்ந்திருந்தன. சோறும் ரசமும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நேராக வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம்

மணி அடித்தது. ராஜையன் அண்ணன் வரவில்லை. எலிசபா குழந்தைக்கு வெள்ளை கவுன் போட்டுவிட்டு, பின்வரிசையில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வீட்டு ஓட்டில் கல்லெறிய வேண்டும் போலிருந்தது எனக்கு. முதல் பாட்டு முடிந்தது. பிரசங்கம் முடிந்தது. போதகர் ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் திரும்பியபோது நான் எழுந்து வெளியே வந்தேன், அவரை வீட்டுக்கே போய் இழுத்துவர.

படியிலேயே நின்றுகொண்டிருந்தார். குளித்து, புது வேட்டி கட்டி, உள்ளே வராமல்.

"ரெஜினா, அந்த மூத்த குட்டிய எங்க போட்டதுன்னு சொன்ன?"

"ரயில் பாதை ஓரத்துல அண்ணா."

அவர் செருப்பைக் கழற்றிப் படியோரமாக வைத்தார். "எனக்க அப்பாவுக்க அப்பாவ தண்ணி ஓடுற தோட்டுக்கரையிலயாக்கும் போட்டது. அன்னு நம்மளுக்கு எடம் கெடையாது. மழையில கரை இடிஞ்சு போச்சு. எங்க போட்டதுன்னு இன்னு ஆருக்கும் தெரியாது." பிறகு எரிச்சலோடு, "என்ன பாத்துட்டு நிக்க? வாறேன், நட" என்றார்.

தொட்டிக்கு முன்னால் நின்றோம். ஞானத்தகப்பன் குழந்தையை வாங்கி, பெயரைச் சொல்லி, போதகர் கையில் கொடுக்க வேண்டும். போதகர் கேட்டார், "இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?"

ராஜையன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் திருதிருவென்று விழித்தேன். இத்தனை சண்டை, தீர்மானம், பிரசங்கம், சாம்பார் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் குழந்தையின் பெயரை எங்களில் ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை. பங்காளிப் பிள்ளை என்றே பேசி முடித்திருந்தோம்.

எலிசபா மெதுவாக ஏதோ சொன்னாள். ராஜையன் அண்ணன் தலையாட்டிவிட்டுச் சபைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"சுப்பிரமணி!"

சர்ச் கொல்லென்று சிரித்தது. வாசலுக்கு வெளியே என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு தனியாகக் கேட்டது. ராஜையன் அண்ணன் குழந்தையை வாங்கக் கையை நீட்டினார்.

எலிசபா சிரிக்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "சுகுர்மணி" என்றாள். அவளுடைய குரலை எங்கள் சபை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டது. வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்று அர்த்தமாம், அந்த்ரியாஸ் எனக்குப் பிறகு சொன்னான்.

"சுக்கு... மணி" என்றார் ராஜையன் அண்ணன்.

எலிசபா இல்லையென்று தலையை ஆட்டினாள். ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது. போதகர் காத்திருந்தார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"சு-குர்-மணி" என்றாள் மறுபடியும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதுபோல.

ராஜையன் அண்ணன் நேரியதால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடி, உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சுகுர்மணி" என்றார்.

அதற்குப் பிறகுதான் எலிசபா பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.